‘தேவையான அளவு’ என்றால் எத்தனை மில்லிலீட்டர்?

மதுக்கலவைகளை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைகளைத் தமிழில் எழுதுவோர் பெருகி வருகின்றனர். எழுதட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், ‘சைட்கார்’ என்னும் பிராந்திக் கலவைக்கு அவர்கள் தரும் குறிப்பைக் காணும்போதுதான் பொறுமை கைவிட்டுப் போகிறது. ஏறத்தாழ எல்லாக் குறிப்புகளும் ஒரே அச்சில் வார்த்தவைதாம்: பிராந்தி ஒரு பெக், ஆரஞ்சு மது சிறிது, எலுமிச்சைச் சாறு தேவையான அளவு, குலுக்கிப் பரிமாறவும். இது குறிப்பா? நான்காம் ஆண்டு மாணவன் கொள்ளளவுப் பயிற்சியில் இப்படி விடை எழுதினால் மதிப்பெண் கொடுப்போமா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு மதுவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிப்பர். குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. குடிக்காத வீட்டாருக்கு இந்தப் பதிவு தேவையே இல்லை. பெருநாள் விருந்தில் புட்டியைத் திறக்கும் வீடுகளும் நம்மிடையே உள்ளன. அங்கே கிண்ணத்தில் விழுவது எவ்வளவு என்பதுதான் என் கவலை.

சைட்கார் என்பது மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டும் வண்டி. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பாரிசில் படை அதிகாரி ஒருவர் அத்தகைய வண்டியில் மதுக்கூடத்துக்கு வந்து போனாராம். பெயர் அதனால் வந்ததாம். கதை கிடக்கட்டும். 1922ஆம் ஆண்டில் ஹாரி மெக்கெல்ஹோன் வெளியிட்ட நூலில் பிராந்தி, குவாந்த்ரோ, லெமன் சாறு மூன்றும் சமபங்கு. 1930இல் வெளிவந்த லண்டன் சவாய் விடுதியின் நூலில் பிராந்தி அரைப்பங்கு, மற்றவை கால் கால் பங்கு. 1948இல் டேவிட் எம்பரி என்னும் அமெரிக்கர் எட்டுப் பங்கு பிராந்திக்கு இரண்டு பங்கு சாறு, ஒரு பங்கு ஆரஞ்சு மது என்று விதித்தார். இன்று பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கம் வைத்திருக்கும் அளவு 50, 20, 20 மில்லிலீட்டர்.

கவனியுங்கள். நூறாண்டுகளில் சேர்பொருள்கள் மூன்றும் மாறவே இல்லை. அன்று முதல் இன்று வரை நடந்த வாதம் முழுவதும் விகிதத்தைப் பற்றியதே. நம்மவர்களோ அந்த விகிதத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எழுதுகிறார்கள்! கிண்ணத்தின் விளிம்பில் சர்க்கரை ஒட்டுவது எப்படி என்று ஒரு பத்தி. அளவுக்கு ஒரு வரிகூட இல்லை.

‘பெக்’ அளவில்லையா என்பீர்கள். சின்ன பெக் 30 மில்லிலீட்டர். பெரிய பெக் 60. எந்தப் பெக் என்று எழுதாத குறிப்பில் ஒருவர் ஊற்றுவது மற்றவர் ஊற்றுவதைப் போல் இரு மடங்காகலாம். வீட்டிலோ பெக்கும் கிடையாது, புட்டியைச் சாய்க்கும் மணிக்கட்டுதான் அளவுகோல்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிராந்தி 50 மில்லிலீட்டர், 40 விழுக்காடு. தூய மதுசாரம் 20 மில்லிலீட்டர். குவாந்த்ரோவும் 40 விழுக்காடுதான். அதன் 20 மில்லிலீட்டரில் 8. ஆக 28 மில்லிலீட்டர், அதாவது ஏறக்குறைய 22 கிராம். 5 விழுக்காடு பீர் 320 மில்லிலீட்டர் கேன் ஒன்றில் இருப்பது 16 மில்லிலீட்டர். முறையாக அளந்த சைட்கார் ஒன்றே ஒன்றரைக் கேனுக்கு மேல், ஒன்றே முக்கால் கேன் பீருக்குச் சமம்! அளக்காமல் நூறு மில்லிலீட்டர் பிராந்தியைக் கவிழ்த்தால் பிராந்தியில் மட்டுமே இரண்டரைக் கேன். பீரைக் குடிப்பவருக்கு வயிறாவது போதும் என்று சொல்லும். சைட்காரில் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து பிராந்தியின் காரத்தை மறைத்துவிடுகின்றன. ‘ஜூஸ் மாதிரி இருக்கிறது’ என்று அத்தைமார் பாராட்டுவது அதனால்தான்.

அடுத்தது எலுமிச்சை. நாம் எலுமிச்சை என்பது மலாயில் லிமாவ் நிப்பிஸ் எனப்படும் சிறு பழம். சைட்காருக்கு வேண்டியது லெமன். தோல் தடித்தது, முனையில் புடைப்புள்ளது, மணமும் வேறு. ‘மஞ்சள் எலுமிச்சை’ என்று எழுதினால் போதாதா? போதாது. நம் எலுமிச்சையும் கனிந்தால் மஞ்சள்தான். நாரத்தை, கிச்சிலி, சாத்துக்குடி என்று வேறு வேறு பெயரிட்டு அழைக்கும் நாம், இங்கே மட்டும் இரண்டு பழங்களை ஒரே சொல்லில் அடைப்பானேன்? தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க: நல்ல சொல் அமையும் வரை லெமன் என்றே எழுதுங்கள்.

இதிலும் கொடுமை, ‘எலுமிச்சைச் சாறு’ என்றதும் சிலர் கோர்டியல் புட்டியை எடுப்பது. அதில் சர்க்கரை மிகுதி. கலவை திகட்டும், திகட்டலைப் போக்க மேலும் பிராந்தி சேர்ப்பார்கள். ஆரஞ்சு மதுவிலும் இதே சிக்கல் உண்டு. ட்ரிப்பிள் செக் என்னும் பெயரில் விற்பவற்றுள் குவாந்த்ரோவின் பாதி வலிமைகூட இல்லாதவை உள்ளன. எந்த வகை என்று சொல்லாத குறிப்பு பயனற்றது. பிராந்தியும் அப்படியே. திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்து ஓக் பீப்பாயில் முதிர வைத்தது ஒன்று. வெறும் சாராயத்தில் நிறமும் வாசனையும் ஏற்றியது மற்றொன்று. கொன்யாக் என்றால் குறைந்தது இரண்டாண்டு பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். லேபிளைப் படியுங்கள்.

அளவுக் குவளை வீட்டில் இல்லை என்பது சாக்கு. இருமல் மருந்துப் புட்டியோடு வரும் சிறு நெகிழிக் குவளை எந்த வீட்டில் இல்லை? அதில் 5, 10, 15 என்று கோடுகள் உண்டு. மூன்று முறை 15, ஒரு முறை 5, பிராந்தி ஆயிற்று. மற்ற இரண்டுக்கும் 15, 5. ஒரு நடுத்தர லெமனில் சாறு இரண்டு கிண்ணத்துக்குப் போதும். குலுக்கும் குவளைக்கு மாற்றாக இறுக மூடும் ஜாம் புட்டி உதவும். அது நிறையக் கெட்டியான பனிக்கட்டி. நம் வெயிலில் முன்கூட்டியே எடுத்து வைத்தால் பாதி நீராகியிருக்கும், கடைசியில் எடுங்கள். பதினைந்து நொடி குலுக்கி, குளிர வைத்த கிண்ணத்தில் வடிகட்டுங்கள். இவ்வளவுதான் வேலை. இதை எழுத எத்தனை வரி ஆகும்?

வாகனமோட்டிகளின் இரத்தத்தில் மதுசார வரம்பை 100 மில்லிலீட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆக நம் நாட்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டில் குறைத்தது. விருந்து முடிந்து மகிழுந்துச் சாவியைத் தேடுகிற மாமாவைக் கேட்டால், ‘ரெண்டே ரெண்டு கிளாஸ்தான்’ என்பார். பொய் சொல்ல மாட்டார், எண்ணித்தான் குடித்திருப்பார். ஒவ்வொரு கிளாசிலும் என்ன இருந்தது என்பது ஊற்றியவருக்கே தெரியாதபோது, அவருக்கு எப்படித் தெரியும்?