நிறுத்த வேண்டியது மாத்திரையை அல்ல

"மூட்டு மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் கொன்றுவிடும். ஊரெல்லாம் காய்ச்சல் பரவும்போது அதையேன் சாப்பிடுகிறீர்கள்?" 2020 ஊரடங்கின்போது என் பெரியம்மாவிடம் பக்கத்து வீட்டார் அக்கறையோடு சொன்னது இது. சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதத்துக்காக அவர் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டுவந்தார். வாரத்துக்கு ஒரே நாள்தான். ஞாயிறன்று மாத்திரை போட்டதும் காலண்டரில் பேனாவால் வட்டமிடுவார். அந்த ஏப்ரலோடு வட்டங்கள் நின்றன.

இரண்டு மாதத்தில் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. ஜாக்கெட் கொக்கி மாட்டவும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வலி பொறுக்காமல், மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிய சின்ன வெள்ளை மாத்திரையைத் தினமும் விழுங்கினார். அது ஸ்டீராய்டு. சின்ன ஆபத்துக்குப் பயந்து பெரிய ஆபத்தை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்.

கணக்கும் இதையே சொல்கிறது. கோவிட் தொற்றிய மூட்டுநோயாளிகளின் விவரங்களை 2020 மார்ச் முதல் உலகெங்கும் மருத்துவர்கள் திரட்டினார்கள். 40 நாடுகளைச் சேர்ந்த முதல் 600 பேரில், தினமும் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்தவர்களே மருத்துவமனைக்கு அதிகம் போனார்கள். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகளில் அப்படியொரு கூடுதல் ஆபத்து தென்படவில்லை. 2021இல் வெளியான 3,729 பேரின் ஆய்வில், நோய் அடங்காமல் இருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. ரிட்டுக்ஸிமாப் போன்ற சில மருந்துகளிலும் ஆபத்து கூடியது உண்மை. அதனால்தான் எதைத் தொடர்வது, எதைத் தள்ளிவைப்பது என்று மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்கிறார்.

எதிர்ப்புச் சக்தியைக் குடத்துத் தண்ணீர்போல நினைப்பதுதான் இந்தத் தவறின் வேர். கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று அதை அளக்க முடியாது. முடக்குவாதத்தில் அந்தச் சக்தியே திசைமாறி சொந்த மூட்டைத் தாக்குகிறது. கோவிட் முற்றியவர்களின் நுரையீரலைச் சிதைத்ததிலும் கட்டுமீறிய அழற்சிக்குப் பெரும் பங்குண்டு. அதை அடக்க டாக்டர்கள் கொடுத்த டோசிலிசுமாப், பாரிசிடினிப் இரண்டும் முடக்குவாதத்துக்குத் தரப்படும் மருந்துகள். எதிர்ப்புச் சக்தியைக் கொல்லும் என்று நாம் பயந்த வகை மருந்துகளே தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் காத்தன.

மூட்டுநோய் உள்ளவர்களே, உங்கள் மாத்திரையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் தீர்ப்புக் கேட்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சில நாள் நிறுத்த வேண்டுமென்றால் அவர் சொல்வார். நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டாலும் உயிருக்கு ஆபத்து. அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காலண்டரில் வட்டம் விடுபட வேண்டாம்.