தம்பிக்கு இறங்கியது, எனக்கு இறங்கவில்லை

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு நானும் தம்பியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வாரத்தில் நான்கு நாள், காலை ஆறு மணிக்கு, பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் வேகநடை. காரணம் அப்பா. 52 வயதில் மாரடைப்பில் போனவர். எனக்கு இப்போது 44, தம்பிக்கு 41. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருக்கிறேன் என்று பலதுறை மருந்தகத்தில் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதம் விடாமல் நடந்தோம். மழை நாளில் புளோக்கின் கீழ்த்தளத்தையே சுற்றி வந்தோம். தம்பிக்கு ஐந்து கிலோ குறைந்தது. எனக்கு 400 கிராம். அதுவும் அன்று பசியாறாமல் எடை பார்த்ததால் இருக்கலாம்.

“அண்ணே, எனக்குத் தெரியாம புரோட்டாக் கடைக்குப் போறீங்களா?” என்றான். சிரித்து வைத்தேன். அடுத்த வாரம் இரண்டு நாள் நடைக்கே போகவில்லை.

அந்தக் கோபத்தில்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கிளாட் பூஷார் என்ற கனடிய ஆய்வாளரின் குழு 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘ஹெரிடேஜ்’ என்ற ஆய்வை நடத்தியது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத பெற்றோரையும் பிள்ளைகளையும் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, வாரம் மூன்று நாள், 20 வாரம், நிலைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று முன்னும் பின்னும் அளந்தார்கள். இதயமும் நுரையீரலும் எவ்வளவு திடமாக இருக்கின்றன என்பதற்கு அதுதான் அளவுகோல்.

சராசரியாகச் சுமார் 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூட, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. எல்லாருக்கும் ஒரே பயிற்சித் திட்டம், கண்காணிப்பாளர் முன்னிலையில். புரோட்டாக் கடை மேல் பழி போட வழியில்லை! இந்த வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதி குடும்ப வழி வருவது என்று கணக்கிட்டார்கள்.

அப்படியானால் ஒரே வீட்டில் பிறந்த எங்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு? உடன்பிறந்தவர்கள் பகிர்ந்துகொள்வது சராசரியாகப் பாதி மரபணுதான். அப்பாவிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்திருக்க வேண்டியதில்லை. மரபணு மேலேயே எல்லாவற்றையும் போட்டுவிடவும் முடியாது. அவன் நன்றாகத் தூங்குகிறவன், நான் நள்ளிரவு வரை மடிக்கணினியோடு இருப்பவன்.

பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3இலிருந்து 5.9க்கு இறங்கியிருந்தது. இரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. ஐந்து கிலோ இழந்த தம்பிக்கு இரத்த அழுத்தம் அசையவே இல்லை. ஒருவருக்கு எடையில் தெரிவது இன்னொருவருக்குச் சர்க்கரையிலோ அழுத்தத்திலோ தெரிகிறது. நான் மூன்று மாதமாக எடை இயந்திரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தகத் தாதி முடிவைக் காட்டியிராவிட்டால் நடையை விட்டிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் திக்கென்கிறது.

எச்சிலை அனுப்பினால் உங்களுக்கேற்ற உடற்பயிற்சியைச் சொல்கிறோம் என்ற விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் காசு கட்டவில்லை. இதில் சிறு சிறு பங்கு வகிக்கும் மரபணுக்கள் ஏராளம். ஒன்றிரண்டைப் பார்த்துச் சொல்லும் ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனக்கு உதவியது சூரிக்கில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு. வாரம் 60 நிமிடம் மட்டும் பயிற்சி செய்தவர்களில் பெரும்பாலோருக்கு உடற்திறன் கூடவில்லை. 240 நிமிடமும் அதற்கு மேலும் செய்தவர்களில் பலனே இல்லாதவர் ஒருவரும் இல்லை. முதலில் பலன் காணாதவர்களுக்கு வாரத்துக்கு இன்னும் 120 நிமிடம் கூட்டியதும் அவர்களுக்கும் கூடியது.

ஆகவே வாரத்துக்கு ஐந்தாவது நாள் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். தம்பி உப்பைக் குறைத்திருக்கிறான். கருவாட்டுக் குழம்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமை பற்றித் தினமும் புலம்புகிறான். நான் எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அடுத்த பரிசோதனை ஜூனில்.