விரல்களுக்கும் தமிழ் தெரியட்டும்

நம் மாணவர்களில் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் கணினியில் தமிழ் எழுதுகின்றனர். இது வீண் உழைப்பு என்பேன் நான். பிரிஞ்சாங் மாணவர் ஒருவர் 'தேயிலை' என்றெழுத அம்முறையில் பொதுவாக 9 தட்டுகள் வேண்டும். சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைமுகத்தில் 6 போதும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'அம்மா'வுக்கு மகரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும்.

புதிதாகப் பழக நேரமேது என்பார்கள். சில வாரப் பயிற்சி ஆயுளுக்கும் உதவும். நேரத்தைவிடப் பெரிது, மனம் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் ஒழிவது. ழகரத்தை 'இசட்'டில் தேடுவானேன்? அதற்கென்றே ஒரு விசை இருக்கிறது. நம் நாட்டு முரசு அஞ்சலிலும் இவ்விசைமுகம் உண்டு. முதலாமாண்டு மாணவர்களே, இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்!