கிளிநொச்சியின் நாலு கதிரைகள் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை சந்தையடியில் என்னிடம் படித்த ஒருவனைக் கண்டேன். இப்போது அவன் கமக்காரன். வயல் வாய்க்கால் உடைந்து கிடக்கிறதாம். "சேர், இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்று கேட்டான். முப்பது வருடத்துக்கு மேல் குடியியல் படிப்பித்த எனக்கு வாயில் பதில் வரவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சி 1984 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியது. கச்சேரி வந்தது, அரச அதிபர் வந்தார். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் நாங்கள் இன்றைக்கும் யாழ். தேர்தல் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் ஒன்று மட்டும்தான். வகுப்பில் கடைசி வாங்கு. அந்த மாவட்டத்தின் ஆசனங்களும் 2010 இல் 9 ஆக இருந்து, 2015 இல் 7 ஆகி, 2024 இல் 6 ஆகக் குறைந்துவிட்டன.

கிளிநொச்சியைத் தனி மாவட்டமாகக் கணக்கெடுத்த சட்டசபை ஒன்று இருந்தது. அது வட மாகாண சபை. 2013 செப்டெம்பர் தேர்தலில் எங்களுக்கென்று 4 உறுப்பினர்கள். மூவர் கூட்டமைப்பு, ஒருவர் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு. ஆளும் தரப்பிலும் எதிர்த் தரப்பிலும் எங்கள் ஊர்க்காரர் இருந்தார்கள். 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. ஏழு வருடம் கடந்தும் தேர்தல் இல்லை.

ஏன் இல்லை? 2017 இல் பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்கென்று வந்த சட்டமூலத்துக்குள், குழுநிலையில் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் திருத்தங்களைச் செருகினார்கள். அதன்படி தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்தார்! பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை. இது தற்செயல் என்று நம்ப நான் சின்னப்பிள்ளை இல்லை. அன்று கைதூக்கிய எங்கள் பிரதிநிதிகளும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"இப்பவும் கிளிநொச்சி ஆள் ஒருவர் பாராளுமன்றத்தில் இருக்கிறார்தானே" என்பீர்கள். இருக்கிறார், சந்தோசம். ஆனால் அது விருப்பு வாக்கில் கிடைத்தது. அடுத்த முறை கிடைக்காமலும் போகலாம். உரிமை என்பது வேறு, வாய்ப்பு என்பது வேறு.

இரணைமடுவை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது எங்கள் கமக்காரர் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்தின் தாகமும் உண்மை, எங்கள் சிறுபோகமும் உண்மை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் திட்டம் வந்தது. நாளைக்கு இப்படி இன்னொரு பிரச்சினை வந்தால் யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்கும் ஒரே பிரதிநிதிகள். அவர்கள் எந்தப் பக்கம் வாக்கு அதிகம் என்று பார்ப்பார்களா, எந்தப் பக்கம் நியாயம் என்று பார்ப்பார்களா?

"மாகாண சபை வெறும் கோது, 13 ஆவது திருத்தத்தில் ஒன்றும் இல்லை" என்று சொல்லும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. அதிகாரம் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவது சபை தீர்மானங்களைக் குவித்து, நியதிச் சட்டங்களைக் குறைவாகவே தந்தது, தங்களுக்குள் சண்டையும் பிடித்தது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் கூரையைத் திருத்தச் சொல்வோமா, பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்வோமா?

அந்த வெற்றிடம் வெறுமையாகவும் இல்லை. பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி, குளம் எல்லாவற்றையும் ஆளுநர் பார்க்கிறார். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் கேள்வி. அவர் பிழைவிட்டால் நாங்கள் எப்படி மாற்றுவது?

2013 இல் என்னிடம் தரம் 6 இல் படித்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள். தங்கள் மாகாணத்துக்கு அவர்கள் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வைக்க முடிந்த அரசாங்கத்துக்கு இதை வைக்க முடியாதா? பழைய விகிதாசார முறையிலேயே நடத்தலாம் என்று ஒரு சின்னத் திருத்தம் போதும்.

எந்தக் கட்சிக்காரர் உங்கள் படலையைத் திறந்தாலும், கதிரை கொடுத்து இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கட நாலு கதிரையும் எங்கை?"

பதில் சொல்லாதவருக்கு நான் புள்ளி போடமாட்டேன். நீங்களும் போடாதீர்கள்.