மேடையில் யாருக்கு நாற்காலி?



சங்கம் என்ற சொல்லுக்குச் சேர்ந்திருத்தல் என்று பொருள். ஆனால் யார் யாரோடு சேர்ந்திருக்கிறோம், யார் முன்னே உட்கார்ந்து யார் பின்னே நிற்கிறோம் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. ஆண்டுப் பொதுக்குழு நெருங்கும் இவ்வேளையில் அதைக் கேட்டாக வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை நினைவுகூர்வோம். கண்ணன் தேவன் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துவரும் தமிழ்ப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். கம்பெனி அறிவித்த போனஸ் 10 சதவீதம், அவர்கள் கேட்டது 20. அன்றைய நாட்கூலி 232 ரூபாய், அவர்கள் கேட்டது 500. நாடு வியந்தது கோரிக்கையைக் கண்டு அல்ல. தொழிற்சங்கத் தலைவர்கள் எவரும் பக்கத்தில் வரக் கூடாது என்று அந்தப் பெண்கள் சொன்னதைக் கண்டுதான். எந்தக் கொடியும் இல்லாமல், 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு, 9 நாள் உறுதியாக நின்றார்கள். முதலமைச்சர் உம்மன் சாண்டி தலையிட்ட பேச்சுவார்த்தையில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது.

தோட்டங்களில் சங்கம் இல்லாமலா இருந்தது? பல காலமாக, ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. சந்தா கட்டியவர்களும் ஊர்வலத்தில் நடந்தவர்களும் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் ஆண்கள். கூடை சுமக்கும் தோளுக்கும் கையெழுத்துப் போடும் கைக்கும் நடுவே விழுந்த இடைவெளிதான் அன்று சாலைக்கு வந்தது. பின்னர் அந்த இயக்கம் பிளவுபட்டது என்பதும் உண்மை. அதனால் அது எழுப்பிய கேள்வி பொய்யாகிவிடாது.

மூணாறைச் சொல்லிவிட்டு நம்மை மறைப்பது நேர்மையல்ல. சென்ற ஆண்டு இந்நகரில் துப்புரவு வேலை செய்யும் நம் சகோதரிகளுக்காக ஒரு காண்டிராக்டரிடம் பேசச் சென்றோம். சென்ற நால்வரும் ஆண்கள். நாளொன்றுக்கு 20 ரூபாய் கூட்டி வாங்கி, வெற்றி என்று சொல்லித் திரும்பினோம். வாசலில் காத்திருந்த ஒரு சகோதரி கேட்டார்: "அண்ணாச்சி, ரூவா சரிதான். அவசரத்துக்கு ஒதுங்க ஒரு இடம் கேட்டியளா?"

நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. நம் நெஞ்சில் ஈரம் இல்லாததால் அல்ல, அந்தத் துன்பம் நம் உடம்பில் இல்லாததால். அந்தச் சகோதரி உள்ளே நம்மோடு உட்கார்ந்திருந்தால் முதல் கோரிக்கையே அதுவாகத்தான் இருந்திருக்கும். கோழிக்கோட்டுக் கடைகளில் நாள் முழுதும் கால் கடுக்க நின்ற பெண்கள் தாங்களே திரண்டு போராடிய பிறகே, 2018-இல் கேரளத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது. நின்றவருக்குத்தான் நாற்காலியின் அருமை தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நம்மைப் 'பாண்டி' என்று அழைத்தபோது நமக்குச் சுருக்கென்றது. இன்று நம் பக்கத்தில் கம்பி வளைக்கும் ஒடிசா இளைஞனையும் பீகார் இளைஞனையும் 'பெங்காளி' என்று ஒரே பெயரில் கூப்பிட்டு நாமும் சிரிக்கிறோம். நம் முதுகில் பட்ட அடியை அடுத்தவன் முதுகுக்கு மாற்றிவிடுவது விடுதலை ஆகாது. குறைந்த கூலிக்கு அவனை நமக்கெதிராக நிறுத்தும் முதலாளிக்கே அந்தச் சிரிப்பு லாபம்.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, 11 பேர் கொண்ட செயற்குழுவில் 4 இடங்கள் துப்புரவு, வீட்டுவேலை, கட்டட வேலை செய்யும் பெண்களுக்கு. இரண்டு, கூட்டம் இனி இரவு எட்டு மணிக்கு அல்ல, ஞாயிறு பிற்பகலில்; பிள்ளைகளோடு வரலாம். மூன்று, யாருடைய கோரிக்கையோ அவர்களில் இருவர் இல்லாமல் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் சங்கம் போகாது.

இடம் கொடுக்க யாராவது எழுந்திருக்க வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். எழுந்திருக்கத்தான் வேண்டும். பல ஆண்டுகளாக அந்த நாற்காலிகளில் இருந்துவரும் நாமே முதலில் எழுந்திருப்போம். தலைமை என்பது முன்னால் உட்கார்வது மட்டுமல்ல, உரிய நேரத்தில் நகர்ந்து இடம் விடுவதும்தான்.

குடும்பத்தோடு வாருங்கள். பின்வரிசையில் நிற்காதீர்கள், முன்னால் வந்து உட்காருங்கள்.