பேட்டரியை மாற்றுவதற்கு முன்



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதையொட்டி நம்மில் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறினோம். அதன் பிறகு லேப்டாப் பற்றி வருகிற கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: “நாலு மணி நேரம் நின்ற சார்ஜ், அப்டேட் போட்டதிலிருந்து ரெண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை.” எழுதுகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். “கடையில் பேட்டரி வீக் என்கிறார்கள், மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டுத்தான் பலரும் முடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் கேள்வி இது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுக்க இதற்கே கொடுக்கிறேன். இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாவது ஒரே இரவில் நடக்கிற காரியம் அல்ல. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் உள்ளே இருக்கும் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. அது லித்தியத்தைச் சிறிது சிறிதாக விழுங்குகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடப்பது இது. சனிக்கிழமை நன்றாக இருந்த பேட்டரி ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட்டதும் பாதியாகிறது என்றால், முதல் சந்தேகம் பேட்டரி மேல் விழக்கூடாது.

பெரிய அப்டேட் முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்கள், வீடு மாறிக் குடிபோன முதல் வாரம் மாதிரிதான். கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணையை மறுபடி போடுவது, வைரஸ் சோதனை, ஸ்டோரில் இருக்கும் செயலிகளின் அப்டேட், ஒன்டிரைவ் ஒத்திசைவு என்று எல்லாம் ஒரே நேரத்தில் பின்னணியில் ஓடும். மேக்புக்கிலும் இதே கதைதான். அங்கே ஸ்பாட்லைட் தேடலும் புகைப்படங்களை அலசும் வேலையும் ஓடும். இந்த வேலைகளை நடுவில் நிறுத்தினால் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான். சார்ஜரைச் சொருகி, மூடியைத் திறந்தபடி, தூக்க நிலைக்குப் போகாமல் ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நிறைய பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? அப்போது அளந்து பாருங்கள். விண்டோஸிலேயே இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது; கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நாமே செய்துகொள்ளலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, முன்பக்கம் சாயும் கோடு ஒன்று போட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்பதை அதே ஜன்னல் சொல்லும். அந்தக் கோப்பை பிரவுசரில் திறங்கள்.

மேலேயே இரண்டு எண்கள் இருக்கும். டிசைன் கெப்பாசிட்டி என்பது தொழிற்சாலையில் வகுத்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்றைக்கு முழுசாக ஏற்றினால் கொள்ளும் அளவு. முதலாவது 40,000, இரண்டாவது 34,000 என்று இருந்தால் உங்கள் பேட்டரியில் இன்னும் 85 சதவீதம் உயிர் இருக்கிறது. அதை மாற்றச் சொல்கிறவர் தவறாகச் சொல்கிறார். 18,000 என்று இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது அதற்கும் கீழே. கெப்பாசிட்டி ஹிஸ்டரி என்ற தலைப்பில் தேதிவாரியாக இந்த அளவு எப்படி மாறி வந்தது என்ற பட்டியல் இருக்கும். அப்டேட் போட்ட தேதியைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய வரிகளையும் பிந்தைய வரிகளையும் ஒப்பிடுங்கள். எண் ஏறக்குறைய அப்படியே நிற்கிறதென்றால் குற்றம் மென்பொருளில். பல மாதமாகவே இறங்கிக்கொண்டு வந்திருக்கிறதென்றால், பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அப்டேட்டின் கூடுதல் வேலை அதை வெளியே காட்டிக் கொடுத்துவிட்டது. கடைக்குப் போகும்போது இந்தப் பக்கத்தை அச்செடுத்தோ, போனில் படமெடுத்தோ கொண்டு போங்கள். கையில் கணக்கு இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

மென்பொருள்தான் என்று தெரிந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் அண்ட் பேட்டரி. எந்தச் செயலி எவ்வளவு சார்ஜைத் தின்றது என்று அங்கே பார்க்கலாம். பவர் மோட் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் இருந்தால் இறக்கி வையுங்கள். சில புது மாடல்களில் திரையின் ரெஃப்ரெஷ் ரேட் 120 ஹெர்ட்ஸ் இருக்கும். சார்ஜர் இல்லாதபோது 60 போதும். கூடவே, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான கிராஃபிக்ஸ், சிப்செட் டிரைவர்களை இறக்கிப் போடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பொருத்தமில்லாத டிரைவர் உட்கார்ந்துகொள்வது அடிக்கடி நடப்பதுதான்.

இன்னொரு வகைக் கடிதம் எனக்குக் கவலை தருகிறது. “மூடிப் பைக்குள் வைத்தேன், எடுத்தால் சுடுகிறது, சார்ஜும் காலி.” முன்பெல்லாம் லேப்டாப் தூங்கினால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். இப்போது பல மாடல்களில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற முறை. போனைப் போல, மூடியிருந்தாலும் அரைத்தூக்கத்தில் இணையத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு டிரைவர் ஒழுங்காக அடங்காவிட்டால், காற்றோட்டம் இல்லாத பைக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. சூடுதான் அதன் ஆயுளை வேகமாகக் குறைக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி வைத்துவிடுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், பரவாயில்லை. யார் தூங்கவிடவில்லை என்று தெரிய வேண்டுமானால், அதே கறுப்பு ஜன்னலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பேட்டரிரிப்போர்ட் என்ற இடத்தில் ஸ்லீப்ஸ்டடி என்று தட்டினால் பெயரோடு காட்டும்.

அப்டேட்டே முழுக் குற்றவாளியாக இருந்த சம்பவமும் உண்டு. 2011-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.38 வந்தபோது பல லேப்டாப்களில் சார்ஜ் சட்டென்று குறைந்தது. மதர்போர்டில் உள்ள உபகரண இணைப்புகள் சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. ‘எனக்கு அது கிடையாது’ என்று சில பயாஸ்கள் சொல்லும். ஆனால் வன்பொருளில் அதை இயக்கியும் வைத்திருக்கும். புதிய கெர்னல் பயாஸின் வார்த்தையை அப்படியே நம்பி, ஓடிக்கொண்டிருந்த சிக்கனத்தையும் அணைத்துவிட்டது. பயனர்கள் விடாமல் அளந்து புகார் சொன்னார்கள்; மேத்யூ காரெட் என்ற பொறியாளர், பயாஸ் வைத்ததை வைத்தபடி விடும் திருத்தத்தை எழுதினார். அதனால், உங்கள் அளவீடு மென்பொருளைக் காட்டினால் தயங்காமல் தயாரிப்பாளருக்குப் புகார் அனுப்புங்கள். பெரிய அப்டேட் போட்ட 10 நாளுக்குள் செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியில் பழையதற்குத் திரும்பும் வழியும் இருக்கிறது. ஆனால் சார்ஜுக்காக மட்டும், வழக்கமான ஆதரவு முடிந்துவிட்ட விண்டோஸ் 10-க்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வங்கிக் கணக்கையெல்லாம் அந்த இயந்திரத்தில்தானே திறக்கிறோம்.

ஒன்றே ஒன்றுக்குக் காத்திருக்கக் கூடாது. டச்பேட் மேலெழும்பி நின்றாலோ, அடிப்பலகை உப்பினாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள்; உடனே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடவும் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. கேட்டுக் கொடுங்கள்.

இனி இதுபற்றி எழுதுகிறவர்கள் லேப்டாப்பின் மாடல், வாங்கிய வருடம், அறிக்கையில் உள்ள அந்த இரண்டு எண்கள், அப்டேட் போட்ட தேதி ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை இருந்தால் எங்களால் ஊகமாக இல்லாமல் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்