வீட்டுக் கணக்கு: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்



சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கால் பணத்துக்குக் காய் வாங்கிவிட்டு, அதை வீடு கொண்டு சேர்க்க முக்கால் பணம் கொடுத்தவனைப் பார்த்துச் சிரித்த பழமொழி அது. இன்று அந்தச் சிரிப்பு நம் பக்கமே திரும்பிவிட்டது.

தோட்டமானாலும் பட்டணமானாலும் இப்போது கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. தீபாவளி நெருங்கினால் போதும், சென்னைக் கடையும் சூரத்துக் கடையும் நம் உள்ளங்கைக்கே வந்து சேலையை விரித்துக் காட்டுகின்றன. விலையைப் பார்த்தால் மலிவு. பிள்ளையிடம் சொல்லி ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான், "இருநூறு வெள்ளிச் சேலைக்கு ஏன் முந்நூறு வெள்ளி போயிருக்கிறது?" என்ற கேள்வி எழுகிறது.

கேள்வி நியாயமானது. பதிலை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

சேலையின் விலை 4,000 ரூபாய். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேலை 200 வெள்ளி. அனுப்பும் கூலி 1,400 ரூபாய் என்றால் அது 70 வெள்ளி. இதற்குமேல் நம் நாட்டு வரி ஒன்று உண்டு. 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு மேற்படாத விலையில் வெளிநாட்டிலிருந்து இணையத்தின் வழி வாங்கும் பொருளுக்கு 10 சதவீத விற்பனை வரி வந்திருக்கிறது. இது பொருளின் விலைக்கு மட்டுந்தான்; அனுப்பும் கூலிக்கு இல்லை. ஆகவே 400 ரூபாய், அதாவது 20 வெள்ளி. ஆக மொத்தம் 5,800 ரூபாய், 290 வெள்ளி.

இதோடு முடிந்ததா? இல்லை. பணம் கட்டும் இடத்தில் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "ரூபாயில் கட்டுகிறீர்களா, வெள்ளியிலேயே கட்டுகிறீர்களா?" நமக்குப் பழகியது வெள்ளி. அதையே அழுத்துகிறோம். அப்போது ரூபாயை வெள்ளியாக மாற்றும் வேலையைக் கடைத் தரப்பே செய்கிறது. வெள்ளிக்கு 20 ரூபாய் என்பதை அவர்கள் 19 என்று வைத்தால், 5,800 ரூபாய்க்கு 305 வெள்ளி 26 காசு ஆகிவிடும். கடை வெளிநாட்டில் இருக்கிறது என்பதற்காக உங்கள் வங்கி ஒரு சதவீதம் எடுத்தால் இன்னும் 3 வெள்ளி 5 காசு. மொத்தம் 308 வெள்ளி 31 காசு.

ரூபாயிலேயே கட்டியிருந்தால்? மாற்றுவது உங்கள் அட்டை நிறுவனம். அதன் விலை பெரும்பாலும் சந்தை விலையை ஒட்டியே இருக்கும். அதன்மேல் வங்கிக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தாலும் 295 வெள்ளி 80 காசுதான். ஒரே ஒரு பொத்தானில் 12 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். ஆகவே நினைவில் வையுங்கள்: கேள்வி வந்தால், கடையின் நாட்டுப் பணத்திலேயே கட்டுவதுதான் பொதுவாக லாபம்.

இந்தக் கட்டணங்கள் வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் வங்கியிடம், "வெளிநாட்டுக் கடையில் அட்டையைப் பயன்படுத்தினால் எத்தனை சதவீதம்?" என்று ஒரு முறை கேட்டு, நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைத்துவிடுங்கள். இன்னொன்று: வாங்கிய நாளின் மாற்று விலைதான் கணக்கில் ஏறும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டொரு நாள் கழித்து, கணக்கில் பதியும் நாளின் விலையே கொள்ளப்படும்.

பணத்தின் மதிப்பு நிலையாக நிற்பதில்லை என்பது நம் மூத்தவர்களுக்குத் தெரியும். 1998 செப்டம்பர் 2 முதல் 2005 ஜூலை 21 வரை ஓர் அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் கட்டி வைத்திருந்தது. அன்று 50 டாலர் பொருள் 190 வெள்ளி. 2024 பிப்ரவரியில் டாலர் 4 வெள்ளி 80 காசை நெருங்கியபோது அதே 50 டாலர் ஏறக்குறைய 240 வெள்ளி. பொருளின் விலை ஏறவில்லை. நம் வெள்ளிதான் இறங்கியது.

இனி சுமைகூலிக்கு வருவோம். கூலி எடையைப் பொறுத்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் விமான அஞ்சல் நிறுவனங்கள் பெட்டி அடைக்கும் இடத்தையும் அளக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். 40, 30, 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2. உள்ளே இருப்பது இரண்டு கிலோ பிளாஸ்டிக் தோரணமே ஆனாலும், கூலி 7.2 கிலோவுக்கு! இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. ஆகவே, மடித்து அடங்கும் துணிமணியைவிட, இலேசாக இருந்து இடத்தை அடைக்கும் அலங்காரப் பொருள்களில்தான் அதிக ஏமாற்றம்.

ஒரு பொருளின் விலை 500 வெள்ளியைத் தாண்டினால் கதை வேறு. அது சாதாரண இறக்குமதியாகிவிடும். பொருளின் வகைக்கேற்ப இறக்குமதி வரியும் விற்பனை வரியும் சுங்கத்தில் கணக்கிடப்படும். அந்தக் கணக்கில் பொருள் விலையோடு அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேரும். அஞ்சல் நிறுவனம் நமக்காக முன்பணம் கட்டி எடுத்து வந்தால், அந்தச் சேவைக்கும் தனியாக ஒரு கட்டணம் வாங்குவதுண்டு. கல்யாணப் பட்டு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் சேலை சுங்கத்தில் நின்றால், பணத்தோடு நிம்மதியும் போகும்.

"போன தடவை வரி கேட்கவில்லையே!" என்று சிலர் சொல்லலாம். 10 சதவீத வரியை வசூலிக்கும் பொறுப்பு, 12 மாதத்தில் 500,000 வெள்ளிக்கு மேல் நம் நாட்டுக்கு இப்படி விற்பவர்களுக்குத்தான். ஆகவே பெரிய கடையில் வரி இருக்கும். சிறிய கடையில் இல்லாமல் இருக்கலாம். அவர் ஏமாற்றுகிறார், இவர் நல்லவர் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

சேலை பிடிக்கவில்லை, திருப்பி அனுப்புகிறீர்கள். என்ன நடக்கும்? போன கூலி பெரும்பாலும் திரும்பி வராது. திரும்ப அனுப்பும் கூலியும் பல கடைகளில் உங்கள் தலையில்தான். பணத்தைக் கொடுக்கும்போதும் அன்றைய மாற்று விலையில்தான் கொடுப்பார்கள். மலிவான பொருளாக இருந்தால், திருப்பி அனுப்புவதைவிட அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுவதே மேல் என்று ஆகிவிடும்.

இந்தக் குழப்பத்தில்தான் திருடனும் நுழைகிறான். "உங்கள் பொட்டலம் சுங்கத்தில் நிற்கிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். உண்மையாகவே நாம் ஒரு பொட்டலத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் நம்பிவிடுவோம். சுங்கத் துறை தனி ஆளின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லாது. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். உங்களிடம் உள்ள பொட்டல எண்ணை வைத்துக்கொண்டு அஞ்சல் நிறுவனத்தை நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே உங்கள் வங்கிக்கோ 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு எண்ணுக்கோ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இவ்வளவு சொல்வது, வாங்கவே கூடாது என்பதற்காக அல்ல. நம் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். மேலே போட்ட கணக்கில் சேலைக்கு மேல் போன 108 வெள்ளி, ஒன்றரை நாள் கூலிக்கும் அதிகம். விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவியும், வெயிலில் செம்பனைக் குலை தள்ளியும் சேர்த்த காசு அது. தெரிந்து செலவழித்தால் அது நம் விருப்பம். தெரியாமல் போனால்தான் மனம் வலிக்கிறது.

ஆகவே, பொத்தானை அழுத்துமுன் நான்கு கேள்வி கேளுங்கள். பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது? கூலியும் வரியும் சேர்ந்து வீட்டு வாசல்வரை மொத்தம் எவ்வளவு? எந்த நாட்டுப் பணத்தில் கட்டுகிறோம்? திருப்பி அனுப்பினால் யார் செலவு? நான்குக்கும் பதில் கிடைத்த பின், அந்த மொத்தத்தை உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கிலோ அதே மாதிரிச் சேலை 260 வெள்ளிக்குக் கிடைக்குமானால், பேருந்துக் காசு போக மிச்சம்தான். துணியைத் தொட்டும் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டும் வரலாம்.

படித்த பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா "இதை வாங்கிக் கொடு" என்று கைத்தொலைபேசியை நீட்டும்போது, மேலே இருக்கும் விலையை மட்டும் படித்துக் காட்டாதீர்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையை வெள்ளியில் கணக்குப் போட்டு, உரக்கப் படித்துச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர் வேண்டும் என்றால் வாங்கிக் கொடுங்கள். உழைத்தவருக்குத் தன் காசு எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.